ஒரு புல்லும் அநர்த்த தண்டமும்



பாகூர் ஏரிப் பாய்ச்சலின் நெல்லுண்டு வளர்ந்த நமக்குப் புல் என்றால் ஏனோ அலட்சியம். நெல்லும் கரும்பும் மூங்கிலும் புல்லினமே. ஆதி பகவன் நெடிய உபவாசத்துக்குப் பின் ஹஸ்தினாபுரத்தில் ஏற்ற முதல் ஆகாரமும் கரும்பின் சாறுதான்.

கர்நாடகத்தில் சராவதி நதி வீழும் ஜோக் அருவியின் சாரலில், 1919ஆம் ஆண்டு, மெல்லிய புல் ஒன்றைச் சேகரித்தனர். புல்லாராய்ச்சியாளர் ஹப்பார்டு நினைவாக ஹப்பார்டியா எனப் பின்னர் பெயரிட்டனர். பாறையில் இடைவிடாது தெறிக்கும் நீர்த்துளியே அதன் வாழ்வு. 1964இல் அருவிக்கு மேலே லிங்கனமக்கி அணை எழுந்தது. அருவியின் நீர் குறைந்தது. பின்னாளில் தேடியவர்க்கு அப்புல் அங்கே அகப்படவில்லை. அற்றுப்போயிற்று என்றே எழுதிவிட்டனர். 2002இல் மகாராஷ்டிரத்துத் தில்லாரி மலைச்சரிவில், ஈரப் பாறையொன்றில் அதை மீண்டும் கண்டனர். அவ்வளவு சிறிய இடத்தில் ஓரினம் முழுவதும் ஒடுங்கியிருந்தது!

ஜீவன் அழியாதது, வேறு பிறவி எடுக்கும். ஓரினம் போனால் என்ன என்று சிலர் வினவுவர். ஜீவன் அழியாமை உண்மையே. ஆயினும் அதன் பிராணனைப் பிரித்தவனுக்கு ஒட்டும் வினை அதனால் சிறிதும் குறைவதில்லை. அவ்வாறு கொண்டால் கொலை என்பதே இல்லாமற் போகும்.

வனஸ்பதி காயத்துக்கு ஊறு செய்யாமல் இல்லறத்தான் உண்ணவும் இயலாது. ஆகவேதான் அணுவிரதியிடம் முற்றத் துறத்தலை எதிர்பாராது, பயனற்ற ஹிம்சையை மட்டும் அநர்த்த தண்டம் என விலக்கினர். பயனின்றி நிலத்தைத் தோண்டுதல், நீரை இறைத்தல், தீ மூட்டுதல், செடிகொடி வெட்டுதல் ஆகியவற்றைச் சமந்தபத்திராசாரியார் பிரமாத சரியையில் அடக்கினார், அருங்கலச்செப்பும் அவ்வழியதே. பிரமாதம் என்பது பகையன்று, கவனமின்மை. அந்த அருவிப் புல்லை யாரும் பகைத்தாரல்லர்.

களை பறியாமல் வயல் விளையுமா என்பர். விளையாது, அது பயன் கருதியது. ஆனால் பங்குனி வெயிலில் ஏரிக்கரைக் காய்ந்த புல்லுக்குத் தீயிடுவதில் என்ன பயன்? ஆள்கூலி மிச்சமென்று வரப்பு முழுவதும் களைக்கொல்லி தெளிப்பதை நான் ஒப்பமாட்டேன். எறும்பும் புழுவும் அதனோடு மடிகின்றன. அவை திரஸ ஜீவன்கள், அணுவிரதியும் காக்கவேண்டியவை.

சல்லேகனை ஏற்ற துறவிக்கு இறுதிப் படுக்கையாவதும் உலர்ந்த புல்லே. அதில் உயிர் உண்டோ எனப் பார்த்துத் துடைத்தே விரிப்பர்.

பாகூர், வில்லியனூர்ப் பக்கம் நிலமுடையோர், வரும் சாதுர்மாசத்தில் கொள்ளும் நியமங்களோடு, வரப்புக்கும் கரைக்கும் தீயிடுவதில்லை என்பதையும் ஓராண்டுக்கேனும் ஏற்க வேண்டுகிறேன்.