சொன்னவர் யார்?

மதுரையிலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை ஸ்ரீவில்லிபுத்தூரையும் இராஜபாளையத்தையும் கடந்து செங்கோட்டை நோக்கிப் போகிறது. பாரம் ஏற்றிய லாரிகளும், சபரிமலைக் காலத்தில் வரிசை வரிசையாக வேன்களும் ஓடுகின்ற அந்தச் சாலையில்தான், நூற்பாலையில் இரவு ஷிப்டு முடித்த தொழிலாளி தூக்கக் கண்ணுடன் வீடு திரும்புகிறார். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகளுக்கு வேலைக்குப் போகிறவரும் அப்படித்தான். எல்லோருக்கும் மோட்டார் சைக்கிள்தான் வாகனம். வெள்ளிக்கிழமையானால் பின்னால் மனைவி, முன்னால் டாங்கின்மீது ஒரு பிள்ளை. அந்த வண்டியின் பிரேக்கும் செயினும் சரியாக இருக்கின்றனவா என்பது மெக்கானிக்கின் கவலை மட்டும்தானா? அந்த மூன்று உயிர்களும் ஓட்டுகிறவர் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத் அல்லவா?

வண்டி மக்கர் செய்தால் நம் ஊர்களில் ஆலோசனைக்குப் பஞ்சமே இல்லை. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர், பள்ளிவாசல் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருப்பவர், பெட்ரோல் பங்கில் வரிசையில் நிற்பவர் என ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். கேட்பவருக்கோ இன்ஜினைத் திறந்து பார்க்கத் தெரியாது. தமக்குத் தெரியாத ஒன்றில் யாருடைய சொல்லை நம்புவது, எதற்காக நம்புவது என்பது மிகப் பழைய கேள்வி. நம் முன்னோர்களான ஹதீஸ் கலை இமாம்கள் தங்கள் ஆயுளையே செலவிட்டு ஆராய்ந்த கேள்வியும் அதுதான்.

ஓர் அறிவிப்பாளரைப் பற்றி அவர்கள் இரண்டு விஷயங்களைத் தனித்தனியாக விசாரித்தார்கள். ஒன்று, அவர் நேர்மையானவரா? மற்றொன்று, கேட்டதைக் கேட்டபடி மனத்தில் நிறுத்திச் சொல்லும் துல்லியம் அவருக்கு உண்டா? முதலாவது இருந்து இரண்டாவது இல்லையென்றால் அவருடைய அறிவிப்பு பலவீனமானதாகிவிடும். ஹிஜ்ரி 179-ல் மறைந்த இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள், மஸ்ஜிதுந் நபவியின் தூண்களருகே எத்தனையோ பெரியவர்களைத் தாம் கண்டதாகவும், பொதுப்பணத்தை நம்பி ஒப்படைக்கத்தக்க அந்த உத்தமர்களிடமிருந்தும் ஒரு ஹதீஸ்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றும் கூறியதாக வரலாறு உண்டு. அவர்கள் பொய்யர்கள் என்பதல்ல காரணம். அவர்கள் அந்தத் துறைக்குரியவர்கள் அல்லர் என்பதே காரணம்.

நாம் வழுக்கி விழும் இடமும் இதுதான். "அவர் ஐந்து வேளை தொழுகிறவர், பொய்யே பேசமாட்டார்" என்று சொல்லிக்கொண்டு கார்புரேட்டர் விஷயத்திலும் அவர் வார்த்தையை வேதவாக்காக எடுத்துக்கொள்கிறோம். பேரீச்சை மரங்களுக்கு மகரந்தம் சேர்க்கும் விஷயத்தில், தாம் சொன்னது ஓர் ஊகமே, அதில் பயன் இருந்தால் செய்துகொள்ளுங்கள் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்களே மதீனாவின் தோட்டக்காரர்களிடம் விட்டுவிட்ட வரலாற்றை நாம் அறிவோம். தோட்டத்தை அறிந்தவனிடம்தான் தோட்டத்தைக் கேட்க வேண்டும்.

இனி ஓர் உதாரணம். 1980-ல் வந்த டி.வி.எஸ். 50 நம் பக்கத்துக் கிராமங்களையெல்லாம் சக்கரத்தின்மேல் ஏற்றியது. அது இரு வீச்சு இன்ஜின். அதில் பெட்ரோல் கிராங்க் அறை வழியாகவே மேலே போகிறது. ஆகவே உராய்வைத் தடுக்கும் எண்ணெயையும் பெட்ரோலிலேயே கலந்து ஊற்றியாக வேண்டும். ஊற்றாவிட்டால் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். 1985-ல் வந்த யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் இரு வீச்சு இன்ஜின்தான்; ஆனால் அதில் எண்ணெய்க்குத் தனி டாங்க் உண்டு, பம்பு தானே அளந்து அனுப்பிவிடும். பின்னாளில் வந்த எக்ஸ்.எல். 100 பார்வைக்குப் பழைய டி.வி.எஸ்.ஸின் தம்பி போலிருந்தாலும் நான்கு வீச்சு இன்ஜின் உடையது. அதில் எண்ணெய் அடியில் தனியே கிடக்கிறது. பெட்ரோலில் கலந்தால் புகைதான் மிஞ்சும், பிளக்கில் கரி பிடிக்கும்.

"பெட்ரோலோடு ஆயில் கலக்கணும்" என்று ஒருவர் சொல்கிறார். "கலக்கவே கூடாது" என்று இன்னொருவர் சொல்கிறார். இருவரும் நேர்மையானவர்கள், இருவருக்கும் இருபது வருஷ அனுபவம் உண்டு. ஒவ்வொருவரும் தம் வண்டியைப் பற்றிச் சொன்னார். கேட்டவர் அதைத் தம் வண்டிக்கு எடுத்துக்கொண்டார். நான்கு வீச்சு பைக்குகளில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் தட்டுகளும் இன்ஜின் ஆயிலிலேயே நனைந்து சுழல்கின்றன. காருக்கென்று வழவழப்புச் சேர்த்த ஆயிலை, விலை உயர்ந்ததாயிற்றே என்று அதில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கத் தொடங்கிவிடும். காரில் அது நல்ல ஆயில்தான்.

இவற்றில் நஷ்டம் பணத்தோடு போய்விடும். பிரேக் விஷயம் அப்படியல்ல. "முன் பிரேக்கைத் தொடாதே, தலைகுப்புற விழுவாய்" என்ற உபதேசத்தைக் கேட்காமல் வண்டி ஓட்டப் பழகியவர் நம்மில் எத்தனை பேர்? சிலர் அந்தப் பயத்தில் முன் பிரேக் கேபிளையே தளர்த்தி வைத்துவிடுகிறார்கள். உண்மை என்ன? பிரேக் பிடிக்கும்போது வண்டியின் பாரம் முன்சக்கரத்தின்மேல் சாய்கிறது, பின்சக்கரம் லேசாகிறது. உலர்ந்த நேர்சாலையில் வண்டியை நிறுத்தும் பலத்தின் பெரும்பகுதி முன் பிரேக்கிலேயே இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் நம்பி அழுத்துகிறவருடைய பின்சக்கரம் இழுத்துக்கொண்டு சறுக்கும், நிற்கும் தூரமோ நீண்டுகொண்டே போகும். எதிரே மாடு குறுக்கிடும் அந்த நொடியில் அந்தத் தூரம்தான் உயிர்.

அப்படியானால் இந்த உபதேசம் வெறும் கட்டுக்கதையா? அதுவும் இல்லை. மணல் கொட்டிக் கிடக்கும் வளைவில், மழைச் சேற்றில், முன் பிரேக்கைத் திடீரென்று இறுக்கினால் முன்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஆள் விழுவார். யாரோ ஒரு பெரியவர் அந்த வளைவை வைத்து அந்தச் சொல்லைச் சொல்லியிருப்பார். கை மாறி வந்ததில் வளைவு விழுந்துவிட்டது, மணல் விழுந்துவிட்டது, "தொடாதே" என்பது மட்டும் நிலைத்துவிட்டது. ஒரு ஹதீஸ் எந்தச் சந்தர்ப்பத்தில் வந்தது என்று ஆலிம்கள் துருவித் துருவிக் கேட்பது எத்தனை அவசியமானது என்பது இங்கே விளங்குகிறது.

"ஊரே சொல்கிறதே, ஊரெல்லாம் பொய்யா?" என்று சிலர் கேட்கலாம். எண்ணிக்கைக்கு மதிப்பு உண்டு. நம் கலையில் அதற்கு முதவாத்திர் என்ற உயர்ந்த படித்தரமே இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் தாமே கண்டோ கேட்டோ தனித்தனி வழியாக வந்திருக்க வேண்டும். ஒருவர் வாயிலிருந்து நூறு பேர் வாங்கிச் சொன்னால் அது ஒரே ஒரு சாட்சிதான். முன் பிரேக்கைப் பற்றிச் சொல்பவரிடம், "நீங்கள் பிடித்துப் பார்த்தீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும், "என் அண்ணன் சொன்னான்" என்றே பதில் வரும். 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி. வரையிலான புது வண்டிகளில் இரு பிரேக்குகளும் சேர்ந்து பிடிக்கும் அமைப்போ, பூட்டாமல் காக்கும் அமைப்போ இருக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. அந்த வண்டியின் முன் கேபிளையும் தளர்த்தித் தரச் சொல்கிறவர்களை என்னவென்பது!

மெக்கானிக்கின் சொல்லில் அவருக்கு ஆதாயம் இருக்கிறதே என்ற சந்தேகம் நியாயமானது. தனக்கு லாபம் தரும் சாட்சியத்தை நம் ஃபிக்ஹும் ஏற்பதில்லை. ஆனால் ஆதாயம் இருப்பதனாலேயே அவர் பொய் சொல்கிறார் என்று ஆகிவிடாது. "அண்ணே, கழற்றிய பழைய சாமானைக் கொடுங்கள்" என்று கேட்டால் தீர்ந்தது. தேய்ந்த பிரேக் ஷூவுக்கு வாய் வேண்டாம்.

இதைவிடக் கடினமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு பட்டறையில் வேலை சரியில்லை என்று நமக்கு அனுபவத்தில் தெரிகிறது. அடுத்தவர் அங்கே வண்டியை விடப் போகிறார். சொல்லலாமா? சொன்னால் அது கீபத், புறம் பேசுவதாகிவிடாதா? அவர் பிழைப்பில் மண் போட்டதாகாதா? இந்தப் பயத்தில் நல்லவர்கள் பலர் வாய் மூடிக்கொள்கிறார்கள். ஹிஜ்ரி 676-ல் மறைந்த இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் தம் ரியாளுஸ் ஸாலிஹீனில் புறம் பேசுவது ஆகுமாகும் ஆறு சந்தர்ப்பங்களைக் குறிப்பிடுகிறார்கள். தீங்கிலிருந்து மக்களை எச்சரிப்பது அவற்றில் ஒன்று. அறிவிப்பாளர்களின் குறையை எடுத்துச் சொல்வதை அதில்தான் சேர்த்திருக்கிறார்கள். ஆனால் தேவைக்கு மேல் ஒரு சொல்லும் கூடாது. "போன மாதம் பின்சக்கர நட்டை இறுக்காமல் அனுப்பிவிட்டார்" என்பது எச்சரிக்கை. "அவன் குடும்பமே அப்படி" என்பது பாவம். பக்கத்துப் பட்டறைக்காரர் தம் போட்டியாளரைப் பற்றிச் சொல்வதையும் அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. சமகாலத்தவர் ஒருவர்மீது ஒருவர் வைக்கும் குறையை இமாம்களும் எச்சரிக்கையோடுதான் பார்த்தார்கள்.

ஆலோசனை சொன்னவருக்குப் பொறுப்பு இல்லையா? வைத்தியம் அறியாமல் வைத்தியம் பார்த்துக் கேடு விளைத்தவன் ஈடு கொடுக்கப் பொறுப்பாளி என்பது நம் சட்டம். டீக்கடையில் வாய்வார்த்தையாகச் சொன்னவர்மீது அந்தச் சட்டம் அப்படியே பாயும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாளை மறுமையில், "நான் கேட்டதைத்தானே சொன்னேன்" என்ற பதில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதை அவரவர் நெஞ்சைக் கேட்டுக்கொள்ளட்டும்.

கடைசியாக ஒரு விஷயம். ஒவ்வோர் ஊரிலும் ஒரு பழைய மேஸ்திரி இருப்பார். இன்று பட்டறை வைத்திருப்பவர்களில் பாதிப்பேர் அவரிடம் தொழில் பழகியவர்களாக இருப்பார்கள். புல்லட்டின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொன்னவர். இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது, கை நடுங்குகிறது. பிரேக் வேலையை அவரிடம் விடுவதா? விடாவிட்டால் பெரியவரை அவமதித்ததாகாதா? இமாம்களுக்கும் இந்தச் சங்கடம் வந்தது. ஹிஜ்ரி 136 வாக்கில் மறைந்த அதா இப்னு ஸாயிப் (ரஹ்) அவர்களுக்கு இறுதிக் காலத்தில் நினைவு தடுமாறியது. இமாம்கள் அவரை ஒதுக்கிவிடவில்லை. தடுமாற்றத்துக்கு முன் அவரிடம் கேட்டவர்கள் யார், பின் கேட்டவர்கள் யார் என்று பிரித்து எழுதி வைத்தார்கள். முன்னவர்கள் வழியாக வந்ததை ஏற்றார்கள், பின்னவர்கள் வழியாக வந்ததை நிறுத்தி வைத்தார்கள். நம் மேஸ்திரியைப் பட்டறையில் நாற்காலி போட்டு உட்கார வைத்து, இன்ஜின் சத்தத்தைக் கேட்கச் சொல்லலாம். ஸ்பேனரை மட்டும் அவர் பழக்கிய பையன் பிடிக்கட்டும்.