இடும்பன் சுமையை இறக்கி வச்ச இடம்

வேலும் மயிலும் துணை.

போன வாரம் நம்ம குரூப்புல ஒரு தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, பெங்களூர்ல இருந்து குமார பர்வதம் போறோம். வெள்ளி நைட் கார்ல கிளம்பி, சனி ஏறி இறங்கி, அன்னைக்கு நைட்டே திரும்பிடலாமா?" உடனே பதில் போடல. ஏன்னா இதே பிளானை நானும் ஒரு தடவை போட்டவன்.

தெரியாதவங்களுக்காகச் சொல்றேன். குமார பர்வதம் கர்நாடகாவுல, குக்கே சுப்ரமண்யா கோயிலுக்குப் பின்னாடி எழுந்து நிக்கிற மலை. உயரம் 1712 மீட்டர். அசுரர்களை வதம் பண்ணிட்டு முருகன் ஆயுதம் கழுவின ஆறுதான் குமாரதாரா, தெய்வானை கல்யாணம் நடந்ததும் இந்த மலையிலதான்னு அங்கே தலபுராணம். நாம அதைத் திருப்பரங்குன்றம்னு சொல்லுவோம். அதுக்காக சண்டை வேண்டாம், ரெண்டு இடத்துலயும் கல்யாண சாப்பாடு நமக்குத்தான்.

அன்னைக்கு நாங்க நாலு பேர். ஒருத்தனுக்கு வேண்டுதல். வேலை போய் ஏழு மாசம் கழிச்சு ஆஃபர் வந்திருந்தது. "உச்சியில வந்து நிக்கிறேன் முருகா"ன்னு வேண்டியிருந்தான். கார் அவனோடது, ஓட்டினதும் அவன்தான். வெள்ளிக்கிழமை ஒன்பது மணி வரைக்கும் எல்லாருக்கும் கால். பத்தரைக்கு கிளம்பினோம். நெலமங்கலா, ஹாசன், சக்லேஷ்பூர், அப்புறம் சிராடி காட் இறங்கி குக்கே. கிட்டத்தட்ட 280 கிலோமீட்டர். முன் சீட்ல உட்கார்ந்து அவனோட பேசிக்கிட்டே வர வேண்டியது என் பொறுப்பு. ஹாசன் தாண்டினதும் நான் தூங்கிட்டேன்.

முழிச்சப்ப கார் இடது பக்கம் மண்ணுல இறங்கி குலுங்கிக்கிட்டு இருந்தது. அவன் கண்ணு மூடினது ரெண்டு செகண்டுதான் இருக்கும். பிரேக் போட்டுட்டான், யாருக்கும் ஒண்ணும் ஆகல. மணி மூன்றரை. இன்னும் காட் ரோடே ஆரம்பிக்கல. அங்கே அந்த ரெண்டு செகண்டு வந்திருந்தா இதை எழுத நான் இல்ல.

யோசிச்சுப் பாருங்க. ஐடியில இருக்கிற நாம வெள்ளிக்கிழமை சாயங்காலம் ப்ரொடக்‌ஷன்ல கை வைக்கவே பயப்படுவோம். ஏதாவது உடைஞ்சா சரி பண்ண ஆள் இருக்காது. ஆனா அதே வெள்ளிக்கிழமை ராத்திரி, நாள் முழுக்க உழைச்ச கண்ணோட ஸ்டியரிங்ல கை வைக்கிறோம்.

ஒரு டீக்கடை ஓரமா நிறுத்தி விடியிற வரைக்கும் தூங்கினோம். குக்கே போய்ச் சேர்ந்தப்ப மணி ஒன்பதரை. கீழே இருந்து உச்சிக்கு சுமார் 13 கிலோமீட்டர் ஏறணும், அதே தூரம் இறங்கணும். அந்த நேரத்துக்கு மேல ஏறினா இருட்டுறதுக்குள்ள திரும்ப முடியாது. மலை ஏறல. குமாரதாராவுல குளிச்சு, சாமி தரிசனம் பண்ணினோம். நண்பன் மட்டும் ஆத்தங்கரைப் படியிலேயே உட்கார்ந்திருந்தான். "முருகன் என்னை வர விடல மச்சி"ன்னான். எனக்கு அப்போ பதில் சொல்லத் தெரியல.

பதில் பழனியில கிடைச்சது. படி ஏறுற வழியில இடும்பன் சன்னதி இருக்குல்ல, அங்கே. கதை எல்லாருக்கும் தெரியும். அகத்தியர் சொன்னாருன்னு சிவகிரி, சக்திகிரின்னு ரெண்டு மலையைக் காவடியா கட்டித் தூக்கிட்டு வர்றான் இடும்பன். திருவாவினன்குடி கிட்ட வந்ததும் களைப்பு. இறக்கி வைக்கிறான். திரும்பத் தூக்க முடியல. மேல ஒரு சின்னப் பையன் நிக்கிறான். சண்டை, மரணம், இடும்பியோட அழுகை, மறுபடி உயிர், காவல் பதவி.

நாம எப்பவும் அந்தச் சண்டையைப் பத்தித்தான் பேசுறோம். அதுக்கு முன்னாடி நடந்ததைக் கவனிச்சீங்களா? களைச்சுப் போனவன் சுமையை இறக்கி வச்சான். அது குத்தம்னு முருகன் எங்கேயும் சொல்லல. இடும்பன் தப்பு பண்ணினது அதுக்கு அப்புறம், எதிர்ல நிக்கிறது யாருன்னு பார்க்காம பலத்தைக் காட்டினப்போதான். அவன் இறக்கி வச்ச அந்த மலைமேலதான் இன்னைக்கு நாம போய் அரோகரா போடுறோம். மூணு நாள் தாக்குப்பிடிச்சு பொதிகை வரைக்கும் சுமந்திருந்தான்னா பழனி ஏது?

இதை நண்பன்கிட்ட போன்ல சொன்னேன். கொஞ்ச நேரம் பேசல. "அப்போ அந்த டீக்கடைதான் எனக்குப் பழனியாடா?"ன்னான். சிரிச்சானா அழுதானான்னு தெரியல.

இப்போ தம்பியோட கேள்விக்கு வர்றேன். வெள்ளி நைட் கிளம்பாதீங்க. தூங்குங்க. ராத்திரி ரெண்டு மணியில இருந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு தூக்கத்தைக் கேட்கிற நேரம். காபி, கந்த சஷ்டி கவசம் ரெண்டுமே தூக்கத்துக்கு ஈடு கிடையாது (கவசம் கேட்டுக்கிட்டே தூங்கினவன் நான்). சனி காலையில கிளம்பி, ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஓட்டுங்க. சாயங்காலம் தரிசனம், சீக்கிரம் படுக்கை. ஞாயிறு வெளுக்கும்போது மலை. வனத்துறை அனுமதியை முன்கூட்டியே வாங்கிடணும், மழைக்காலத்துல பாதையை மூடிடுவாங்க. மேல புல்வெளியில நிழலே இருக்காது, தண்ணி தாராளமா எடுத்துக்கோங்க. திரும்புற நேரத்தைக் கீழேயே முடிவு பண்ணிடுங்க. பன்னிரண்டரைன்னு வச்சா, சேஷ பர்வதத்துல நின்னுக்கிட்டு உச்சி கண்ணுக்கு எதிர்ல தெரிஞ்சாலும் பன்னிரண்டரைதான். அங்கிருந்தே கும்பிடுங்க. ஞாயிறு ராத்திரியும் குக்கேயிலயே தங்கிடுங்க.

நாங்களும் சீசன் திறந்ததும் இந்தக் கணக்குலதான் போறோம். அதே நாலு பேர். திங்கட்கிழமைக்கு லீவ் போட்டாச்சு. காரணம்னு கேட்ட கட்டத்துல 'தூக்கம்'னு எழுதலாமான்னு யோசிச்சு, 'கோயில்'னு போட்டுட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!