விடை கேட்கும் செவி

கற்பதில் குழந்தைக்கு விருப்பம் வளர்வது எதனால்? ஸ்ரீமத் பாகவதத்தின் ஏழாம் ஸ்கந்தம் இதைச் சிந்திக்க வைக்கிறது. இரணியன் பிரகலாதனை மடியில் இருத்தி, கற்றவற்றுள் சிறந்தது யாது என வினவினான், அன்போடுதான் வினவினான். ஆயினும், தான் விரும்பிய விடை வாராமையால் பிள்ளையை மடியினின்றும் தள்ளினான். கேள்வி கேட்கத் தெரிந்தவனுக்கு விடையைக் கேட்கத் தெரியவில்லை.

பெரியாழ்வாரும் மாலையைச் சூடிக் களைந்தமைக்காகக் கோதையைக் கடிந்தார். அவள் சூடியதே தமக்கு உகந்தது என எம்பெருமான் உணர்த்தியதும் தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார். அம்மகளே திருப்பாவை 30 பாசுரங்களையும் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களையும் அருளினாள்.

அப்படியாயின் பிள்ளை சொல்வதெல்லாம் சரியா? அல்ல. தவறெனில் திருத்துக, முழுதும் கேட்டபின் திருத்துக. விடை தெரியாவிடில், “இருவரும் தேடுவோம்” என்று கூறுக. அதனால் பெற்றோரின் மதிப்புக் குறையாது; அஞ்சாமல் கேட்கும் துணிவு பிள்ளைக்கு வளரும்.

இத்திருவிழாவில் தோளில் அமர்ந்த குழந்தை, “பெருமாள் ஏன் கருடன்மேல் வருகிறார்?” எனக் கேட்கக்கூடும். கூட்டத்தைக் காட்டி அதன் வாயை அடைக்காதீர். சேவை முடிந்ததும் ஓரிடத்தில் அமர்ந்து விடை கூறுவீராக. அதுவும் எம்பெருமானுக்குச் செய்யும் கைங்கரியமே.