அந்தியோகியாவின் பந்தி

கிறிஸ்தவத்தின் முதல் பெரிய உட்பூசல்களில் ஒன்று சாப்பாட்டுப் பந்தியில் நடந்தது. அந்தியோகியாவில் யூதரல்லாத விசுவாசிகளோடு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவந்த பேதுரு, எருசலேம் சபைத் தலைவரான யாக்கோபிடமிருந்து சில ஆட்கள் வந்ததும் மெல்ல விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள், பர்னபா உட்பட. பவுல் விடவில்லை. எல்லோர் முன்னிலையிலும் பேதுருவைக் கண்டித்தார். கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில் இந்தச் சம்பவம் இருக்கிறது. மனிதன் நியாயப்பிரமாணத்தைக் கைக்கொள்வதால் அல்ல, விசுவாசத்தால்தான் நீதிமானாகிறான் என்ற புகழ்பெற்ற வாதம் இந்தத் தகராறைச் சொன்ன கையோடு வருகிறது.

மார்ட்டின் லூத்தருக்கு இந்த நிருபம் உயிர். தம் மனைவி கத்தரினாளின் பெயரையே அதற்குச் செல்லப்பெயராக வைத்திருந்தார். அவர் வழி வந்த சபைகள் அந்த வாதத்தைப் போற்றிப் பாதுகாத்தன. அது யார் யாரோடு சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பதிலாகப் பிறந்த வாதம் என்பதைத்தான் வசதியாக மறந்துபோயின. கிருபை என்பது ஆத்துமாவுக்கும் ஆண்டவருக்கும் இடையிலான விவகாரம், உட்காருவதும் உண்பதும் நாட்டு வழக்கம் என்று இரண்டையும் பிரித்துவிட்டால் யாருக்கும் சங்கடமில்லை. தமிழ்நாட்டுத் திருச்சபை வரலாற்றில் பெரும்பகுதி இந்தப் பிரிவினையின் மேல் கட்டப்பட்டது.

1706-ல் லுத்தரன் மிஷனரியான சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கினார். லூத்தரின் போதனையை அப்படியே கொண்டுவந்த மிஷன் அது. அங்கும் ஆலயத்தில் சாதிக்கு ஓர் இடம் என்றே உட்கார்ந்தார்கள். அந்த மிஷனில் ராஜநாயக்கன் என்று ஒருவர் இருந்தார். தஞ்சைப் படையில் சேர்வைக்காரர், பறையர் சமூகத்தில் பிறந்தவர், கத்தோலிக்கராக வளர்ந்தவர். சீகன்பால்கு மொழிபெயர்த்த வேதாகமப் பகுதிகளைப் படித்துவிட்டுத் தாமாகவே தரங்கம்பாடியைத் தேடி வந்தார். வெள்ளைக்காரர்கள் எளிதில் நுழைய முடியாத தஞ்சைப் பகுதியில் அவர்தான் ஓடியாடி ஊழியம் செய்தார், அடியும் பட்டார். மிஷனரிகள் அவரைப் பாராட்டி ஊருக்குக் கடிதம் எழுதினார்கள். ஆனால் குருப்பட்டம் என்று வந்தபோது கதை வேறு. 1733-ல் வேளாளரான ஆரோன் முதல் தமிழ்க் குருவானார். அடுத்த குரு யார் என்ற பேச்சில் ராஜநாயக்கன் பெயரும் அடிபட்டது. அவர் கையால் நற்கருணை வாங்கச் சாதிக் கிறிஸ்தவர்கள் கூசுவார்கள், சடங்குக்கே மரியாதை குறைந்துவிடும் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-ல் பட்டம் தியோகு என்பவருக்குப் போனது.

ராஜநாயக்கனின் விசுவாசத்தில் யாரும் குறை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பும் தப்பவில்லை. ரோமின் தூதராகப் புதுச்சேரிக்கு வந்த தூர்னோன், 1704-ல், நோயுற்ற பறையர்களின் வீட்டுக்குள்ளேயே போய் அவர்களுக்குத் திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்று உத்தரவிட்டார். அப்படிப் போனால் மற்ற சாதியார் தங்களைச் சேர்க்க மாட்டார்கள் என்று இயேசு சபைக் குருக்கள் வாதாடினார்கள். நாற்பது ஆண்டுகள் இழுத்த வழக்கு அது. 1744-ல் பதினான்காம் பெனடிக்ட் திட்டவட்டமாக ஆணையிட்டபோது கிடைத்த சமாதானம் என்ன தெரியுமா? பறையர்களுக்கென்று தனிக் குருக்கள்! சாகக் கிடப்பவனுக்கு அருள் போய்ச் சேர வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடில்லை. எந்தக் கையால், எந்த வாசல் வழியாக என்பதில்தான் அத்தனை ஆண்டுக்கால யோசனை.

1833-ல் கல்கத்தாவின் ஆங்கிலிக்கப் பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதியை உடனே, முற்றாக ஒழிக்கச் சொல்லிச் சுற்றறிக்கை அனுப்பினார். சென்னை வேப்பேரியிலும் தஞ்சையிலும் சாதிக் கிறிஸ்தவர்கள் கூட்டங்கூட்டமாக வெளியேறினார்கள். பின்னால் வந்த லைப்சிக் லுத்தரன் மிஷன் சாதி விஷயத்தில் அவ்வளவு கெடுபிடி காட்டாததால் பலர் அங்கே ஒதுங்கினார்கள்.

வெளியேறியவர்களை வெறும் சாதி வெறியர்கள் என்று ஒதுக்கிவிடுவது சுலபம். ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடிய தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் இந்தப் பூசலில் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றவர். புதிய மிஷனரிகள் மீது அவர் தரப்பு அடுக்கிய குற்றச்சாட்டுகளில் சாதிகளை வலிந்து கலப்பது ஒன்று. பழகிய வேதாகம மொழிபெயர்ப்பை மாற்றியது, விசேஷங்களில் பூவைத் தடுத்தது, தமிழ்ப் பாட்டை விலக்கியது ஆகியவை மற்றவை. பின்சொன்ன மூன்றிலும் நியாயம் அவர் பக்கம்தான் என்று இன்று தோன்றும். சாதியையும் அதே மூட்டையில் சேர்த்துக் கட்டியதுதான் கோளாறு. பூவும் பாட்டும் யாரையும் தள்ளி உட்காரச் சொல்வதில்லை.

எதிர்த் தரப்பு கண்டுபிடித்த மருந்தோ அதைவிட விசித்திரம். 1850-ல் சென்னை மிஷனரி மாநாடு கூடி, சாதியை விட்டதற்கு அடையாளமாகத் தாழ்த்தப்பட்டவர் சமைத்த சாப்பாட்டைச் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தது. லைப்சிக் மிஷன் இதில் சேரவில்லை. அன்பின் விருந்து என்ற பெயரில் நடந்த அந்தப் பந்திகள் பரீட்சை மண்டபங்களாயின. யார் தொட்டார், யார் தட்டைத் தள்ளினார் என்பதே அங்கே கேள்வி. சமைத்துப் போட்ட கை யாருடையது, அந்த ஆளுக்கு அன்று எப்படி இருந்தது என்பதைப் பற்றி யாரும் அக்கறைப்பட்டதாகத் தெரியவில்லை. அவர் அங்கே விருந்தாளியுமல்ல, விருந்து கொடுப்பவருமல்ல, மற்றவர்களைச் சோதிக்க வைத்த கருவி.

பழைய திருநெல்வேலி மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1870களில் எழுந்த கத்தோலிக்க ஆலயம் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் வந்து கூடும். ஒரு கால் வேளாளருக்கு, மற்றது நாடார் முதலானோருக்கு. காற்சட்டைக் கோயில் என்று கேலிப்பெயர் வந்தது. பிரெஞ்சுக் குருவான கௌசானல் 1910-ல் தடுப்புச் சுவரை இடித்தார். வேளாளர் தரப்பு நீதிமன்றத்துக்குப் போனது. ஆலயத்தில் தனியிடம் கேட்க இவர்களுக்கு உரிமையில்லை என்று கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்த வரலாற்றை ஆ. சிவசுப்பிரமணியன் ‘கிறித்தவமும் சாதியும்’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார்.

அதே 1910-ல், அதே மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்த ஒரு நாடார் இளைஞர் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாட்டு மேடையில் நின்றார். பெயர் வி.எஸ். அசரியா. மிஷனரிகளின் தியாகத்தை மெச்சிவிட்டு, கூட வேலை செய்யும் இந்தியரை அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு அழைப்பதில்லையே என்று கேட்டார். எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் முகம் சுளித்தார்கள். சமபந்திப் பரீட்சை வைத்தவர்களின் சொந்த மேசை எப்படி இருந்தது என்பது அன்று வெளியே வந்தது. 1912-ல் அசரியா தோர்ணக்கல் பேராயரானார். ஆங்கிலிக்க சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர்.

சுவர்கள் அத்தோடு தீரவில்லை. திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் கல்லறைகளைப் பிரித்து ஒரு சுவர் நின்றது. அன்றைய விழுப்புரம் மாவட்டத்து எறையூரில் தலித் கத்தோலிக்கர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டதையடுத்து 2008 மார்ச்சில் கலவரம் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அரசோ 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி, கிறிஸ்தவரானவர் பட்டியல் சாதியில் இல்லை என்கிறது. சீக்கியருக்கு 1956-லும் பௌத்தருக்கு 1990-லும் கதவைத் திறந்த அந்த ஆணை கிறிஸ்தவருக்கு இன்னும் திறக்கவில்லை. இருக்கிற சாதியைச் சபை விடுவதில்லை, அரசு ஒப்புக்கொள்வதில்லை.

ஒதுக்கப்பட்டவர்களைச் சபை வரவேற்க வேண்டும் என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கிறோம். நல்ல பேச்சுதான். ஆனால் வரவேற்பவர் வீட்டுக்காரர், வருபவர் விருந்தாளி என்று அதில் ஒரு கணக்கு இருக்கிறது. இந்தியக் கத்தோலிக்கரில் பெரும்பங்கினர் தலித்துகள் என்பதை ஆயர்களே சொல்கிறார்கள். பேதுரு எழுந்து போன பந்தியும் பேதுருவுக்குச் சொந்தமானதல்ல. யூதரல்லாதார் அங்கே ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தார்கள்.

கும்பகோணம் மறைமாவட்டத்துக் கோட்டப்பாளையத்தில் மகதலா மரியாளின் பெயரில் ஆலயம் இருக்கிறது. அங்கே தலித் கத்தோலிக்கர்களை ஆண்டுத் திருவிழாவில் சேர்ப்பதில்லை என்பது உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கும் மனுவின் புகார். திருவிழாவுக்கு மற்ற வீடுகளில் வசூலிக்கும் வரியைத் தங்கள் வீடுகளில் வந்து கேட்பதில்லை என்பதும் மனுதாரர்கள் தரப்பின் குறை. கொடுக்க அவர்கள் தயாராக இருக்கிறார்கள்.