நரைக்காதவரின் மனைவி

தென்காசியில் நான் வழக்கமாகப் போகும் பியூட்டி பார்லரில், ஜூன் மாதச் சாரல் நாளொன்றில் கண்ணாடி முன் உட்கார்ந்திருந்தேன். பிப்ரவரியில் போட்ட சாயம் நுனிகளில் செம்பட்டையாக வெளுத்திருந்தது. வகிட்டின் இருபுறமும் நரை நன்றாகத் தெரிந்தது. "வேருக்கு மட்டும் டச்சப் பண்ணலாம். இல்லன்னா முடி முழுக்க கிளாஸ் போடலாம். எதுக்கா பண்ணட்டும்?" என்று கேட்டார் அங்கே வேலை செய்யும் பெண்.

வேருக்குப் போடுவது நிரந்தரச் சாயம். அதிலுள்ள காரம் முடியின் மேலடுக்கைத் திறந்துவிடும். உள்ளே போகும் நிறப்பொருளை ஹைட்ரஜன் பெராக்சைடு அங்கேயே கெட்டிப்படுத்தும். நரை மறையும். ஆனால் முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் வளர்வதால், 4 முதல் 6 வாரங்களுக்குள் மறுபடி வந்து உட்கார வேண்டும். கிளாஸ் மேலோட்டமானது. வெளுத்த நிறத்துக்கு மெருகு தரும். நரையை முழுதாக மறைக்காது. தலைக்குக் குளிக்கக் குளிக்கப் போய்விடும். டப்பாவில் 'அம்மோனியா இல்லாதது' என்று எழுதியிருந்தாலும், ஒவ்வாமை தரக்கூடிய பிபிடி அந்தச் சாயத்தில் இருக்கலாம். அதனால் 48 மணி நேரம் முன்பே தோலில் கொஞ்சம் தடவிப் பார்ப்பது நல்லது. இவற்றையெல்லாம் விசாரித்த நான், எதற்காகப் போட வேண்டும் என்று மட்டும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

சாயம் பூசுவது பொய்யா என்பது என் கேள்வியல்ல. பொட்டும் பூவும் பொய்யில்லை என்றால் இதுவும் இல்லை. இது என் தேர்வுதானா என்பதே கேள்வி. இரண்டு வழி இருப்பதாலேயே ஒன்று தேர்வாகிவிடாது. இரண்டும் வேண்டாமென்று எழுந்து போக என்ன விலை என்பதையும் பார்க்க வேண்டும்.

அந்த விலை எனக்குத் தெரியும். ஒருமுறை சாயத்தை நிறுத்தினேன். "உடம்பு சரியில்லையா மேம்?" என்று மாணவிகள் அன்போடுதான் கேட்டார்கள். பதினைந்தே நாளில் சாயத்துக்குத் திரும்பினேன். அதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆணின் நரைக்கு இங்கே அனுபவம் என்று பெயர். 2011இல் 'மங்காத்தா'வில் அஜித் நரைத்த தலையோடு வந்தபோது தியேட்டர்கள் கொண்டாடின. அவருக்கு ஜோடியாக வந்த நாயகிக்கு ஒரு நரையும் இல்லை.

புறநானூற்றின் 191ஆம் பாடலை வகுப்பில் நடத்துகிறேன். வயதாகியும் நரைக்காதது ஏன் என்று கேட்டவர்களுக்குப் பிசிராந்தையார் காரணங்களை அடுக்குகிறார். மனைவி, மக்கள், ஏவலர், அரசன், ஊரின் சான்றோர் எல்லோரும் நல்லவர்கள் என்கிறார். பட்டியலில் முதலில் வருபவள் மனைவி. "அந்தம்மாவுக்கு நரைச்சிருக்குமா மேம்?" என்று ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள். இத்தனை ஆண்டுகளில் எனக்குத் தோன்றாத கேள்வி. அவர் தலையைக் கறுப்பாக வைத்திருந்தவளின் தலையைப் பற்றிப் பாடலில் ஒரு சொல்லும் இல்லை.

ஔவை கதை இதற்கு நேர்மாறு. கல்யாணப் பேச்சிலிருந்து தப்பிக்கப் பிள்ளையாரிடம் முதுமையைக் கேட்டு வாங்கினாள் என்பார்கள். ஊர் ஊராய்ப் போகவும் அரசர்களோடு பேசவும் நரை அவளுக்குத் துணையாயிற்று. நரைக்காத பெண்ணுக்கு அந்த வழி இல்லை என்பதையும் அதே கதை சொல்லிவிடுகிறது. கறுப்போ வெள்ளையோ, பெண்ணின் தலைமுடி யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டே இருக்கிறது.

"டச்சப் பண்ணினா ரெண்டு மூணு நாள் அருவிப் பக்கம் போயிராதீங்கக்கா, கலர் இறங்கிரும்" என்றார் அந்தப் பெண். குற்றாலம் பக்கத்தில்தான் இருக்கிறது. சீசன் தொடங்கியிருந்தது. நுனியை மட்டும் வெட்டச் சொல்லி, பணம் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். தலையில் தண்ணீர் அறைகிற அந்த நேரத்தில் யாரும் யாருடைய வகிட்டையும் பார்க்கவில்லை. சீசன் முடிந்ததும் சாயம் போட்டாலும் போடுவேன். அதற்குள் இந்த நரையோடு வகுப்புக்குப் போய், மாணவிகள் கேட்டால், "உடம்பு நல்லாத்தான் இருக்கு, வயசாகுது" என்று சொல்லிப் பழக வேண்டும்.