கற்பிக்கும் கை

பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்கிவிடும் இடங்களில்தான் சில வேளைகளில் மனித மனம் தன் உண்மையான ஏக்கத்தை வெளிப்படுத்துகின்றது. அமெரிக்க நாட்டின் ஃபுளோரிடா மாநிலத்தில், ஒர்லாண்டோ நகரை அடுத்து, டிஸ்னி நிறுவனத்தாரின் பெரும் பூங்காக்கள் உள்ளன. விரைந்தோடும் வண்டிகளில் ஏறிக் கூவவும், ஒளியும் ஒலியும் கலந்த காட்சிகளில் தம்மை மறக்கவுமே மக்கள் அங்குச் செல்கின்றனர். அத்தகைய இடத்தில், மேசையின் முன் அமைதியாய் அமர்ந்து, பென்சிலும் தாளும் கொண்டு ஒரு முகத்தை வரைந்து பார்க்கும் எளிய நிகழ்ச்சி ஒன்று பலருடைய அன்புக்கு உரியதாய் இருந்தது. அது மறைந்தபோது அவர்கள் வருந்தினர். வேறு வடிவில் அது திரும்பி வரவிருக்கின்றது என்று 2025-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டபோது மகிழ்ச்சியும் மனக்குறையும் ஒருங்கே எழுந்தன. அந்த மனக்குறை சிறுபிள்ளைத்தனமானதா, அல்லது அதில் ஓர் ஒழுக்கநெறி வினா அடங்கியுள்ளதா என்பதையே ஈண்டு நாம் எண்ணிப் பார்க்க விழைகிறோம்.

முதலில் அவ்விடத்தின் வரலாற்றைச் சற்றே அறிந்துகொள்வோம். 1989-ஆம் ஆண்டு மே முதல் நாள் அந்தப் பூங்கா திறக்கப்பட்டபோது, அதன் நடுவே கார்ட்டூன் படங்களைத் தயாரிக்கும் உண்மையான கலைக்கூடம் ஒன்றும் இருந்தது. பார்வையாளர் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நின்று, ஓவியர்கள் மேசைமீது குனிந்து வரைவதைக் காணலாம். அவர்கள் நடிகர்கள் அல்லர். தங்கள் அன்றாட வேலையையே செய்துகொண்டிருந்தனர். 'முலான்' (1998), 'லிலோ அண்ட் ஸ்டிச்' (2002), 'பிரதர் பேர்' (2003) ஆகிய படங்கள் அக்கூடத்தில் உருவானவையே.

அவ்வேலையின் அருமையை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். திரைப்படத்தில் ஒரு நொடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு படங்களுக்குப் பயன்படுத்தினாலும், ஒரு நொடிக்கு 12 ஓவியங்கள் வேண்டும். ஒரு மணித்துளிக்கு 720. திரையில் ஒரு சிறுமி தலையைத் திருப்பிப் புன்னகை செய்கிறாள் என்றால், அந்தப் புன்னகையின் பின்னே பல நாள் உழைப்பு மறைந்திருந்தது. ஆனால், 1995-ஆம் ஆண்டில் 'டாய் ஸ்டோரி' முழுவதும் கணிப்பொறியால் ஆன முதல் முழுநீளப் படமாக வெளிவந்ததன்பின் காலம் மாறத் தொடங்கியது. 2004-ஆம் ஆண்டில் ஃபுளோரிடாக் கலைக்கூடம் மூடப்பட்டது. கண்ணாடிக்கு அப்பால் இருந்த மேசைகள் வெறுமையாயின.

எனினும், வரையும் வகுப்பு ஒன்று அங்கே தொடர்ந்தது. சிறிய விளக்கொளி படரும் மேசைகளில் குழந்தைகளும் பெற்றோரும் முதியோரும் அமர்வர். முன்னே ஓர் ஓவியர் அமர்ந்து வரைவார். அவருடைய கையசைவு பெரிய திரையில் தெரியும். முதலில் ஒரு வட்டம். அதன் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. குறுக்கே மற்றொரு கோடு. கண்களும் மூக்கும் எங்கே அமைய வேண்டும் என்பதை அக்கோடுகளே உணர்த்தும். எல்லாம் மெல்லிய கோடுகளாகவே தொடங்கும். உருவம் சரியாக அமைந்தபின்னரே அழுத்தம் கொடுக்கப்படும். சிறிது நேரத்தில், "எனக்கு வரையவே வராது" என்று சொல்லிக்கொண்டு வந்தவரும் ஒரு மிக்கி எலியையோ வாத்தையோ வரைந்து முடித்திருப்பார். அந்தத் தாளை வீட்டிற்கு எடுத்துச் செல்லலாம். 2015-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் அவ்வகுப்பும் முடிவுக்கு வந்தது.

பத்தாண்டுகளுக்குப்பின், அதே இடத்தைப் புதுப்பித்து, கார்ட்டூன் கலையைப் போற்றும் புதிய கூடம் அமைக்கும் திட்டம் 2025-இல் வெளியிடப்பட்டது. 2026-ஆம் ஆண்டு அதற்குக் குறிக்கப்பட்டது. அதில் வரையும் வகுப்பும் உண்டு. ஆனால், அதை நடத்தும் ஆசிரியராக அறிவிக்கப்பட்டவன் 'ஃப்ரோசன்' (2013) படத்தில் வரும் ஓலாஃப் என்னும் பனிமனிதன். இதைக் கேட்டவர்களில் மகிழ்ந்தோர் உண்டு. பென்சிலும் தாளும் திரும்பி வருவதே போதும் என்றனர். "எங்களுக்கு வரையக் கற்றுத்தர ஒரு மனிதரை ஏன் அமர்த்தக்கூடாது?" என்று கேட்டோரும் உண்டு.

இவ்வினாவை எழுப்பியோரைப் பழமைவிரும்பிகள் என்று எளிதில் தள்ளிவிடலாகாது. அதே வேளையில், பனிமனிதனின் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் நாம் மறைத்தல் தகாது. கூச்சம் மிகுந்த ஒரு குழந்தை, பெரியவர் ஒருவர்முன் தன் கோணல் வட்டத்தை மறைத்துக்கொள்ளும். தான் நேசிக்கும் கதாபாத்திரம் அழைத்தால் தயங்காமல் பென்சிலை எடுக்கும். ஓலாஃப் சலிப்பதில்லை, சினங்கொள்வதில்லை, காலையில் முதலாவதாய் வருவோர்க்கும் மாலையில் கடைசியாய் வருவோர்க்கும் ஒரே மலர்ச்சியோடு கற்பிப்பான். மனித ஆசிரியர் எல்லாரும் அன்புடையவர் அல்லர் என்பதையும் நாம் அறிவோம். ஓர் ஆசிரியரின் ஒரு கடுஞ்சொல்லால் அன்றே பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, வாழ்நாளெல்லாம் அதை எடுக்காதவர்கள் நம்மிடையே எத்தனை பேர்!

மேலும் ஒரு தடை எழுப்பப்படலாம். பழைய வகுப்பிலும், அத்தனை பேருடைய தாள்களையும் அந்த ஓவியர் தனித்தனியே பார்த்துத் திருத்த முடிந்ததா? இல்லை. அவரையும் மக்கள் பெரும்பாலும் திரையில்தானே கண்டனர்? அப்படியாயின் மனிதர் இருந்தால் என்ன, பனிமனிதன் இருந்தால் என்ன? கற்கும் கோடுகள் ஒன்றே. கிடைக்கும் படமும் ஒன்றே.

இத்தடை வலியது. இதற்கு விடை காண முயலும்போதுதான் வினாவின் ஆழம் நமக்குப் புலனாகின்றது. ஓவியர் ஒருவர் நம்முன் அமர்ந்து வரையும்போது, அந்த வட்டம் அவ்வேளையில்தான் பிறக்கின்றது. அது கோணலாகவும் போகலாம். அவர் சற்றே நின்று, "இது சரியாக வரவில்லை, பாருங்கள்" என்று சொல்லி, அதன்மேலேயே வேறொரு கோடு இழுப்பார். பின்வரிசையில் ஒரு சிறுவன் பின்தங்கிவிட்டான் என்று கண்டால் காத்திருப்பார். ஆயிரம் முறை வரைந்த முகமானாலும், அதை மீண்டும் ஒருமுறை வரைவதற்கு அவர் தம் வாழ்நாளில் ஒரு சிறு பகுதியைச் செலவிடுகின்றார். அது அவருக்குத் திரும்பி வராது. முன்னரே முடித்துவைக்கப்பட்ட பாடத்தில் கோடுகள் எல்லாம் உள்ளன. ஆனால், தவறக்கூடிய நிலை இல்லை. நமக்காக எதையும் இழக்கும் நிலையும் இல்லை. தவறவே இயலாதவரிடமிருந்து நாம் முறையைக் கற்கலாம். துணிவைக் கற்பது அரிது. துணிவு என்பது தவறக்கூடியவர் ஒருவர் தவறியபின்னும் தொடர்வதைக் கண்டு நமக்கு வருவது.

2023-ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனத்தின் நூற்றாண்டு விழாவை ஒட்டி வெளிவந்த 'ஒன்ஸ் அப்பான் எ ஸ்டுடியோ' என்னும் குறும்படம் இங்கே நம் நினைவுக்கு வருகின்றது. அதன் தொடக்கத்தில் ஒரு முதியவர் மாலை வேளையில் கலைக்கூடத்தை விட்டு வெளியே வருகின்றார். பயிற்சிக்கு வந்த இளம்பெண் ஒருத்தி அவருடன் வருகின்றாள். அம்முதியவர் பர்னி மாட்டின்சன். 1953-ஆம் ஆண்டில் அஞ்சல் பிரிவில் சிறுபணியாளராக அங்குச் சேர்ந்து, ஓவியராகவும் கதையமைப்பாளராகவும் உயர்ந்து, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள் அவ்வொரே நிறுவனத்தில் உழைத்தவர். அப்படம் வெளிவருவதற்கு முன்னரே, அவ்வாண்டின் பிப்ரவரித் திங்களில் அவர் காலமானார். மனிதர்கள் வீடு திரும்பியபின் சுவரில் உள்ள கதாபாத்திரங்கள் உயிர்பெற்று இறங்கி வருவதே அப்படத்தின் கதை. புதிய கூடமும் அக்கதையை ஒட்டியே திட்டமிடப்பட்டது.

இங்கே ஒரு மாற்றம் நம் கண்ணிற்படுகின்றது. 1989-இல் கண்ணாடிக்கு அப்பால் மனிதர்கள் விழித்திருந்தனர். உருவங்கள் தாளில் உறங்கின. புதிய கற்பனையில் மனிதர்கள் வீடு திரும்பிவிட்டனர். உருவங்களே விழித்திருந்து நம்மை வரவேற்கின்றன. கற்பனை என்ற அளவில் இது இனியதே. எனினும், படைப்பு மட்டும் எஞ்சி, படைத்தவர் நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுவாரோ என்னும் அச்சம், ஓர் ஓவியரைத் தங்கள்முன் காண விரும்பிய அந்த அன்பர்களின் உள்ளத்தில் இருந்திருக்கக் கூடும். அது பொருளற்ற அச்சம் என்று நாம் சொல்லோம். ஏனெனில், ஓலாஃபும் தானாகத் தோன்றியவன் அல்லன். குளிரில் விறைத்துப்போன தோழிக்காக நெருப்பை மூட்டி, அதன் அருகிலேயே தானும் உருகத் துணிந்து நிற்பதாக அவனைப் படைத்தவர்கள் மனிதர்கள். அவன் முகத்தில் நாம் காணும் அன்பு, பெயர் தெரியாத பலருடைய இரவுகளின் பயனன்றோ?

நம் விசுவாசம் இவ்விடத்தில் நமக்கு ஒளி தருகின்றது. 1999-ஆம் ஆண்டு உயிர்ப்புப் பெருவிழாவன்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் கலைஞர்களுக்கு ஒரு மடல் எழுதினார். ஒன்றுமில்லாமையிலிருந்து படைப்பவர் இறைவன் ஒருவரே. கலைஞரோ ஏற்கெனவே உள்ள பொருளுக்கு வடிவம் கொடுப்பவர் என்று அவர் அதில் வேறுபடுத்திக் காட்டினார். எல்லாரும் தனிச்சிறப்புப் பொருளில் கலைஞராக அழைக்கப்படவில்லை; ஆயினும், தம் வாழ்வையே ஒரு கலைப்படைப்பாக உருவாக்கும் பொறுப்பு ஒவ்வொருவருக்கும் தரப்பட்டுள்ளது என்றும் எடுத்துரைத்தார். வரையத் தெரியாத ஒருவர் ஒரு பூங்காவின் மேசையில் அமர்ந்து, நடுங்கும் கையால் ஒரு வட்டத்தை இழுக்கும்போது, தம் மாண்பின் ஒரு சிறு பகுதியையே தொட்டுப் பார்க்கின்றார். மற்ற இடங்களில் அவர் பார்வையாளர். இங்கே அவர் ஆக்குபவர். இறைவனின் சாயலில் படைக்கப்பட்ட மனிதன், ஆக்குவதில் அன்றி நுகர்வதில் மட்டும் நிறைவு காண இயலாதவன்.

ஆக்கும் வேலையை அவன் எவ்வாறு கற்கின்றான்? புனித லூக்கா எழுதிய நற்செய்தியின் 11-ஆம் அதிகாரத் தொடக்கத்தைத் திறந்து பாருங்கள். இயேசு பெருமான் ஓரிடத்தில் செபித்துக்கொண்டிருந்தார். அவர் முடித்தபின்னரே சீடருள் ஒருவர், தமக்கும் செபிக்கக் கற்றுத்தருமாறு வேண்டினார். செபத்தைப் பற்றிய விளக்கம் முதலில் வரவில்லை. செபிக்கும் ஒருவரைக் கண்ணாரக் கண்டதே முதலில் நிகழ்ந்தது. கண்டதனால் ஆவல் பிறந்தது; ஆவலினால் வேண்டுகோள் பிறந்தது; அதன்பின்னரே பாடம். மனுவுருவாதலின் மறைபொருளையே நாம் இங்குத் தொட்டு நிற்கிறோம். மீட்புக்குரிய செய்தியை மட்டும் அனுப்பி இறைவன் அமையவில்லை. வார்த்தையானவர் நம்மிடையே வந்து, களைத்து, கிணற்றருகே அமர்ந்து, பசித்து, அழுது, நமக்கு வாழக் கற்பித்தார். அவரிடம் பாவம் இல்லை. ஆனால் களைப்பும் கண்ணீரும் இருந்தன.

ஒரு பொழுதுபோக்குப் பூங்காவின் வகுப்பிலிருந்து இத்துணை உயரத்திற்குத் தாவுவது தகுமா என்று சிலர் கேட்கலாம். இரண்டும் ஒரே தரத்தவை என்று நாம் கூறவில்லை. பனிமனிதன் வரையக் கற்பிப்பது பாவம் என்றும் கூறவில்லை. அவ்வகுப்பில் அமரும் குழந்தை மகிழ்ந்தால் நாமும் மகிழ்வோம். ஆனால், எது எளிதாகவும் பிழையின்றியும் நடைபெறுமோ அதுவே மேலானது என்னும் எண்ணம் நம் காலத்தில் சந்தடியின்றிப் பரவி வருகின்றது. ஓர் ஆளின் உடனிருப்பு செலவு மிக்கது, நம்பகமற்றது, களைப்புறுவது. ஆதலால் அதை நீக்கிவிட்டுப் பயனை மட்டும் பெற்றுக்கொள்வோம் என்று நாமும் நம்மை அறியாமலே முடிவு செய்கிறோம். "ஒரு மனிதரை அமர்த்துங்கள்" என்ற அந்த அன்பர்களின் குரல், பயனோடு ஆளையும் கேட்கும் குரல்.

அக்குரல் நம்மையும் நோக்கித் திரும்புகின்றது. நம் பிள்ளைகளுக்குக் கதை சொல்லத் திரை உண்டு. பாடம் சொல்லக் கருவி உண்டு. செபமாலை சொல்லவும் ஒலிப்பதிவு உண்டு. இவை யாவும் நம்மைவிடத் தெளிவாகவும் இனிமையாகவும் சொல்லக்கூடும். "என்னைவிட அது நன்றாகச் சொல்கிறதே" என்று நாம் விலகிக்கொள்வது பணிவைப் போல் தோன்றும். பல வேளைகளில் அது சோம்பலே. தட்டுத்தடுமாறி மறையுரையைத் தன் பேரனுக்கு விளக்கும் ஒரு பாட்டியிடம் இறையியல் குறைவாக இருக்கலாம். ஆனால், தான் நம்புவதற்காக அவள் தன் மாலைப் பொழுதைத் தருகின்றாள் என்பதை அச்சிறுவன் கண்டுகொள்கின்றான். அவன் பின்னாளில் நினைவுகூரப்போவது அதையே.

அவ்வகுப்பின் முடிவில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு தாள் இருக்கும். ஒரே பாடத்தைக் கேட்டு, ஒரே முகத்தை வரைந்தபோதும், எந்த இரண்டு தாள்களும் ஒன்றாய் இருப்பதில்லை. ஒன்றில் காது பெரிது. ஒன்றில் கண் சாய்ந்திருக்கும். ஒன்றில் சிரிப்பு சற்றே சோகமாய் அமைந்துவிடும். சந்தையில் அதற்கு விலை இல்லை. எனினும், சிலர் அதைச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவர். நாமும் ஒருநாள் நம் வாழ்வென்னும் தாளை ஏந்திக்கொண்டு, அதைத் தந்தவர்முன் நிற்க வேண்டியவர்களே. கோடுகள் கோணலாயிருக்கும். ஆனால், அவை நம் கையால் இழுத்தவையா, யாருக்கேனும் அருகிருந்து கற்றுக்கொடுத்தோமா என்று அவர் கேட்பார். அவ்வினாவுக்கு விடை சொல்ல நமக்கு இன்னும் காலம் இருக்கும்போதே, இன்று மாலை நம் வீட்டுப் பிள்ளையின் அருகே ஒரு பென்சிலோடு சற்று நேரம் அமர்வோமாக.