நோயாளியைக் கேட்டோமா?

வீட்டுக்குப் பத்திரம் எழுதி வைக்கின்றோம்; கொடுக்கல் வாங்கலைக் குறித்து வைக்கின்றோம். வஸிய்யத்து எழுதாமல் கண்மூடுவதைக் குறையென்று கருதும் சமுதாயம் நம்முடையது. ஆனால் மௌத்துக்கு முன்னே வரக்கூடிய அந்தச் சில வாரங்களைப் பற்றி, நோய் முற்றி நாத் தளர்ந்துபோகும் காலத்தைப் பற்றி, நம்மில் எத்தனை பேர் மனைவி மக்களிடம் ஒரு வார்த்தையேனும் சொல்லி வைத்திருக்கின்றோம்?

நாம் அறிந்த குடும்பம் ஒன்று. தகப்பனாருக்கு வயது எண்பதை நெருங்கிற்று. புற்றுநோய் ஈரல் வரை பரவிவிட்டது. "அத்தாவிடம் சொல்லாதீர்கள், தாங்கமாட்டார்" என்று பிள்ளைகள் டாக்டரைக் கேட்டுக்கொண்டனர். வீட்டுக்கு வந்து போவோர் அனைவருக்கும் தெரிந்த செய்தி, அவருக்கு மட்டும் சொல்லப்படவில்லை. ஓர் இரவு மூச்சுத் திணறி நினைவிழந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "சுவாச இயந்திரம் பொருத்தினாலும் நோய் தீராது. உங்கள் தகப்பனார் எதை விரும்புவார்?" மூத்தவர் "பொருத்துங்கள்" என்றார். இளையவர் "வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுபோவோம்" என்றார். கேள்விக்கு விடை தெரிந்தவர் ஒருவரே. அவர் பேசும் நிலையில் இல்லை. மூத்தவர் சொல்லே நின்றது. ஒன்பதாம் நாள் பெரியவர் மௌத்தானார். ஆண்டுகள் சென்றும் அண்ணனும் தம்பியும் பெருநாளன்றுகூட ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. இருவரும் நல்ல பிள்ளைகளே. கேட்கவேண்டிய காலத்தில் கேட்காததே அவர்கள் செய்த பிழை.

உண்மையை மறைப்பது கருணையாகுமா? உடம்பின் நிலையை உடையவர் பெரும்பாலும் உணர்ந்தே இருப்பார். பிள்ளைகள் கலங்குவார்களே என்று அவரும் மறைப்பார். இரு தரப்பாரும் இவ்வாறு நடிக்க, கேட்கவேண்டிய மன்னிப்பும், தீர்க்கவேண்டிய கடனும், சொல்லவேண்டிய சொல்லும் அப்படியே நின்றுவிடுகின்றன. முழு விவரத்தையும் அறிய விரும்பாதவர்களும் உண்டு. அவர்கள்மீது அதைத் திணிப்பது தகாது. "எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகின்றீர்கள்? உங்களுக்காக யார் பேசவேண்டும்?" என்று கேட்பதே முறையாகும்.

"ஹயாத்து அல்லாஹ்வின் கையில் இருக்க, இந்தப் பேச்சு எதற்கு?" என்பார் உளர். ஹயாத்து அவன் கையில்தான், ஐயமில்லை. ஆயினும் ஹஜ்ஜுக்குப் புறப்படுகின்றவர் கடனைத் தீர்த்து, வஸிய்யத்து எழுதி, உற்றாரிடம் மன்னிப்புக் கேட்டுப் புறப்படுகின்றார். திரும்பி வரமாட்டோம் என்று முடிவு கட்டியா அப்படிச் செய்கின்றார்?

இனி, பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதென்றால் நோயாளியைக் கைவிடுவதென்று சிலர் அஞ்சுகின்றனர். நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்னும் துறை தோன்றியதே கைவிடாமல் இருப்பதற்குத்தான். ஸிஸிலி ஸாண்டர்ஸ் என்னும் அம்மையார் 1967ல் லண்டனில் இதற்கென ஓர் இல்லம் நிறுவினார். உடல் வலியோடு மனத்தின் வலி, குடும்பக் கவலை, ஆன்மாவின் தவிப்பு அனைத்தையும் சேர்த்தே கவனிக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. மரணத்தை விரைவுபடுத்துவதும் வலிந்து தள்ளிப்போடுவதும் இத்துறையின் நோக்கமல்ல. நோயைத் தீர்க்கும் சிகிச்சை நடக்கும்போதே இதையும் தொடங்கலாம். மார்பின் மருந்துக்குப் பயந்து நோயாளியை வலியில் துடிக்க விடுவோர் உண்டு. டாக்டர் அளந்து கொடுக்கும் மார்பின் வலியைத் தணிக்குமேயன்றி ஆயுளைக் குறைப்பதில்லை.

சிங்கப்பூரில் இதற்கான வழிகள் பல உள்ளன. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயது நிறைந்தவர் முன்கூட்டிய மருத்துவ ஆணையில் கையெழுத்திடலாம். சாட்சிகள் இருவரில் ஒருவர் டாக்டராக இருக்கவேண்டும். மீளமுடியாத நோயின் இறுதியில், உயிரை இயந்திரத்தால் நீட்டிக்கவேண்டாம் என்பதே அந்த ஆணை. வலி தணிக்கும் பராமரிப்பை அது தடுக்காது. 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் எழுதும் நீடித்த அதிகாரப் பத்திரம் வேறு. அது பெற்ற பிள்ளை, நாம் சுயநினைவு இழந்தபின் பணத்தையும் பராமரிப்பையும் கவனிக்கலாம். ஆனால் உயிர்காக்கும் சிகிச்சையைப் பற்றி முடிவுசெய்ய அவருக்கு அதிகாரமில்லை. "பத்திரம் எழுதியாயிற்று, இனிக் கவலையில்லை" என்றிருப்போர் இதைக் கவனிப்பார்களாக. 2011 முதல் நடந்துவரும் முன்கூட்டிய பராமரிப்புத் திட்டமோ, குடும்பத்தார் கூடிப் பேசி, நோயாளியின் விருப்பத்தைக் குறித்து வைப்பது. சட்டத்தின் கட்டாயம் அதற்கில்லை. ஆனால் டாக்டர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது நல்ல வழிகாட்டி. மனம் மாறினால் எழுதியதையும் மாற்றலாம்.

மார்க்க ஐயம் எழுந்தால் ஆலிம்களையும், நோயின் போக்கை அறிய டாக்டரையும் கேட்டுத் தெளியலாம். ஆனால் முதற்பேச்சு வீட்டில்தான் தொடங்கவேண்டும். அதையும் முதியவர்களிடம் கேட்குமுன் நாமே நம்மைப் பற்றிச் சொல்லித் தொடங்குவது நன்று. அடுத்த வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து உணவுக்கு அமரும்போது, "எனக்கு நினைவு தப்பினால் இன்னது செய்யுங்கள்" என்று நாம் ஒரு சொல் சொல்லிவைத்தால், அத்தாவும் தம் மனத்தில் உள்ளதைச் சொல்ல வழி பிறக்கும். ஆஸ்பத்திரி வாசலில் நம் பிள்ளைகள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டி நிற்கும் நிலையும் வராது, இன்ஷா அல்லாஹ்.